குறைந்த 9 கிலோ திரும்பி வந்துவிட்டதே, டாக்டரம்மா!

பர்மாவின் மோல்மேனிலிருந்து ஒரு தங்கை எழுதியிருக்கிறார். வயது 43. உயரம் 155 சென்டிமீட்டர், எடை 82 கிலோ. வீட்டு வாசலில் காலையில் இட்லி, தோசை, இடியாப்பம் போட்டு விற்கிறார். இரண்டு வருடங்களுக்கு முன் பணம் கட்டி 12 வார எடைக் குறைப்பு வகுப்பு ஒன்றில் சேர்ந்தார். ஒரு வகுப்பையும் தவறவிடாமல் போய் 80 கிலோவிலிருந்து 71க்கு வந்தார். வகுப்பு முடிந்த ஒன்றரை வருடத்தில் அத்தனையும் திரும்பி, மேலே 2 கிலோவும் ஏறிவிட்டது. முழங்கால் வலிக்கிறது. வெறும் வயிற்றுச் சர்க்கரை 114. அம்மா சர்க்கரை நோயில் கால் விரல்களை இழந்து, பிறகு இறந்தவர். கணவருக்கும் சர்க்கரை, மாத்திரையில் இருக்கிறார். "வாயைக் கட்டத் தெரியாதவள் என்று வீட்டில் சொல்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. மறுபடியும் அந்த வகுப்புக்கே பணம் கட்டலாமா? இல்லை, பக்கத்து வீட்டு அக்கா விற்கிற மெலிவுக் காபியைக் குடித்துப் பார்க்கவா?" என்று கேட்கிறார்.

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் அந்தக் காபியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். குடிக்காதீர்கள். வாங்கி வைத்திருந்தால் கொட்டிவிடுங்கள். இப்படி ஆன்லைனில் விற்கும் மெலிவுக் காபி, மெலிவு டீ வகைகளைப் பல நாடுகளின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைகள் சோதித்தபோது, பலவற்றில் சிபுட்ரமின் என்ற மருந்து கலந்திருந்தது. பசியை அடக்கும் மருந்து அது. மாரடைப்பும் பக்கவாதமும் வரும் ஆபத்து கூடுகிறது என்று தெரிந்ததால் 2010இலேயே ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அதை விற்பனையிலிருந்து எடுத்துவிட்டார்கள். பொட்டலத்தின் மேல் மூலிகை என்றுதான் போட்டிருக்கும். உள்ளே என்ன இருக்கிறதென்று விற்கிற அக்காவுக்கும் தெரியாது. அவரை நான் குறை சொல்லவில்லை. ஆனால் நீங்கள் விடியற்காலையில் அடுப்பு முன்னால் தனியாக நிற்கிறவர். அங்கே படபடப்பு வந்து தலைசுற்றினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

சரி, இப்போது அந்த 9 கிலோ.

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் வருத்தியது "எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது" என்ற வரி. இருட்டோடு எழுந்து மாவு கலக்கி, இடியாப்பம் பிழிந்து, ஊருக்கே பசியாற்றிவிட்டு, அதற்கு மேல் 12 வாரம் ஒரு நாள் தவறாமல் வகுப்புக்கும் போன பெண்ணுக்குக் கட்டுப்பாடு இல்லை என்று யார் சொன்னாலும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். வீட்டில் அப்படிச் சொல்கிறவர்களிடம் இந்தப் பதிலைப் படித்துக் காட்டுங்கள்.

எடை குறைவதை உடம்பு நல்ல சேதியாக எடுத்துக்கொள்வதில்லை. பஞ்சம் வந்துவிட்டது என்றுதான் அதற்குத் தோன்றும். கொழுப்பு கரையக் கரைய, "போதும்" என்று மூளைக்குச் சொல்லும் லெப்டின் குறைகிறது. "பசிக்கிறது" என்று சொல்லும் கிரெலின் கூடுகிறது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடம்பு செலவழிக்கும் சக்தியும் சுருங்கிவிடுகிறது. மெல்பர்னில் நடந்த ஓர் ஆய்வு 2011இல் வெளியானது. 50 பேரை 10 வாரம் மிகக் குறைந்த உணவில் வைத்து எடையைக் குறைத்தார்கள். ஒரு வருடம் கழித்து அவர்களுடைய ரத்தத்தைப் பார்த்தால், இந்த ஹார்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. பசியும் முன்பைவிட அதிகமாகவே இருந்தது. ஒரு வருடம் கழித்தும்!

உங்கள் வகுப்பு 12ஆம் வாரம் கைதட்டி, போட்டோ எடுத்து, உங்களை அனுப்பிவிட்டது. உடம்பு திருப்பி இழுக்க ஆரம்பிக்கும் நேரமே அதுதான். சிகிச்சை பாதியில் நின்றது, எடை ஏறியது. ரத்தக்கொதிப்பு மாத்திரையை மூன்று மாதத்தில் நிறுத்திவிட்டால் கொதிப்பு திரும்பி வராதா? அதற்காக நோயாளியை யாராவது திட்டுவார்களா?

வாழ்க்கைமுறையை மாற்றிச் சிகிச்சை செய்யும் திட்டங்களை உலகத்தில் ஒழுங்காகச் சோதித்திருக்கிறார்கள். அவற்றில் எனக்கு மிகவும் நம்பிக்கை தருவது அமெரிக்காவின் நீரிழிவுத் தடுப்புத் திட்டம். முடிவு 2002இல் வந்தது. உங்களைப் போலச் சர்க்கரை எல்லைக்கோட்டில் நின்றவர்கள், மொத்தம் 3,234 பேர். அவர்களில் ஒரு பிரிவினருக்கு இரண்டே இலக்குகள்: எடையில் 7 சதவீதம் குறைப்பது, வாரம் 150 நிமிடம் நடப்பது. ஒவ்வொருவருக்கும் வழிகாட்டி ஒருவர். முதல் 24 வாரத்தில் 16 சந்திப்புகள், அதற்கு அப்புறமும் மாதந்தோறும் கூப்பிட்டுப் பேசினார்கள். மூன்று வருடத்துக்குச் சற்றுக் குறைவான காலத்தில், மருந்தில்லாத வெற்று மாத்திரை சாப்பிட்ட பிரிவினரோடு ஒப்பிட்டால் இவர்களுக்குச் சர்க்கரை நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. சர்க்கரை நோய்க்குக் கொடுக்கும் மெட்பார்மின் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு அது 31 சதவீதம்தான்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. இத்தனை ஏற்பாடு இருந்தும் 24ஆம் வாரத்தில் பாதிப் பேர்தான் 7 சதவீதத்தைத் தொட்டார்கள். கடைசியில் அந்த இலக்கில் நின்றவர்கள் 38 சதவீதம். 10 வருடம் கழித்துப் பார்த்தபோது குறைத்த எடையில் பெரும்பகுதி திரும்பியிருந்தது. ஆனாலும் சர்க்கரை நோய் அவர்களுக்கு 34 சதவீதம் குறைவாகவே வந்தது. நீங்கள் 71 கிலோவில் இருந்த அந்த மாதங்களும் வீண் போகவில்லை என்று நான் சொல்வது இதை வைத்துத்தான்.

அது வெள்ளைக்காரர் ஊர்க் கதை, நமக்குப் பொருந்துமா என்று கேட்பீர்கள். சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் 531 பேரை வைத்து இதையே செய்து 2006இல் வெளியிட்டார்கள். நம் சோறு, நம் குழம்பு. சாப்பாட்டு அளவையும் எண்ணெயையும் சர்க்கரையையும் குறைத்து, தினம் நடந்தவர்களுக்குச் சர்க்கரை நோய் 28.5 சதவீதம் குறைந்தது. இத்தனைக்கும் அவர்களுடைய எடை பெரிதாகக் குறையவே இல்லை! தராசு முள் நகராத மாதத்திலும் உள்ளே வேலை நடக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

ஆகையால் உங்களுக்கு நான் வைக்கிற இலக்கு 71 இல்லை. ஆறு மாதத்தில் 76. அதாவது உங்கள் எடையில் 7 சதவீதம். உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் உங்கள் பி.எம்.ஐ. 34. நம் உடம்புக்கு 25க்கு மேல் போனாலே உடற்பருமன் என்றுதான் எடுத்துக்கொள்கிறோம். பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். அங்கே போவதற்கு இன்னும் தூரம் இருக்கிறது. ஆனால் 76க்கு வந்தாலே சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, முழங்கால் மூன்றுக்கும் பலன் தெரியும். அதற்கு ஒரு நாளைக்குச் சுமார் 500 கலோரி குறைந்தால் போதும். அது உங்கள் அடுப்படியிலேயே இருக்கிறது.

அந்த வகுப்பில் ஓட்ஸ், வேகவைத்த கோழி, பிரவுன் ரொட்டி என்று ஓர் அட்டை கொடுத்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். இட்லி விற்கிற வீட்டில் ஓட்ஸ் எத்தனை நாள் நிற்கும்? அதை விடுங்கள். வீட்டுக்கு மட்டும், கடைக் கணக்கு தனி, ஐந்து பேருக்கு மாதம் 4 வீசை எண்ணெய் என்று சொல்லியிருக்கிறீர்கள். தமிழ்நாட்டில் வழக்கொழிந்துபோன வீசை நம்மிடம் இன்னும் புழங்குகிறது, கணக்குப் போட வசதியாக இருக்கிறது. ஒரு வீசை 1.63 கிலோ. நாலு வீசை ஆறரைக் கிலோ. ஐந்து பேர், முப்பது நாள் என்று பிரித்தால் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 43 கிராம். கிராமுக்கு 9 கலோரி. எண்ணெயில் மட்டும் கிட்டத்தட்ட 390 கலோரி! இதைப் பாதியாக்கினால் 190க்கு மேல் மிச்சம், யாரும் பட்டினி கிடக்காமல்.

ஆனால் நம் பர்மாக் கறியில் எண்ணெயைத் திடீரென்று பாதியாக்கினால் வீட்டில் ஒருவரும் சாப்பிட மாட்டார்கள், எனக்குத் தெரியும். வெங்காயம், பூண்டு, மஞ்சள், மிளகாய்த்தூள் எல்லாம் வதங்கி, தண்ணீர் வற்றி, எண்ணெய் பிரிந்து மேலே வந்தால்தான் கறி. பர்மியர்கள் சீப்யான் என்று சொல்வது அதைத்தான். அந்த எண்ணெய்ப் படலம் கறி கெடாமல் காக்கும் என்பார்கள் பெரியவர்கள். கரண்ட் போய் ஐஸ்பெட்டி சும்மா நிற்கும் நாட்களில் இன்றைக்கும் அதை நம்பித்தான் இருக்கிறோம். அதனால் நான் என் வீட்டில் செய்வதைச் சொல்கிறேன். கறியை வழக்கம்போல இறக்குங்கள். சட்டிக்கு ஒரு பக்கம் மடித்த துணியை முட்டுக் கொடுத்துச் சாய்த்து வைத்துப் பத்து நிமிடம் விடுங்கள். எண்ணெய் தாழ்ந்த ஓரத்தில் சிவப்பாகத் தேங்கி நிற்கும். குழிக்கரண்டியால் மேலாக மொண்டு ஒரு கிண்ணத்தில் ஊற்றுங்கள். முதல் தடவை நான் எடுத்தபோது ஆறு கரண்டி வந்தது, பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். மறுநாள் கீரை தாளிக்க அந்த எண்ணெயே போதும், மசாலா வாசம் வேறு சேர்ந்திருக்கும். மாதக் கணக்கில் முதலில் 4 வீசையை மூன்றாக்குங்கள். இரண்டு மாதம் கழித்து இரண்டரை. அப்புறம் இரண்டு. நாக்கு பழகிக்கொள்ளும்.

அடுத்தது பால் டப்பா. அதில்தானே அரிசி அளக்கிறோம், நோசிபூ என்று. ஒரு டப்பா அரிசி கால் கிலோவுக்குச் சற்று மேல். ஒரு நாளைக்கு 7 டப்பா போடுகிறீர்கள். 6 போடுங்கள். ஒரு டப்பா குறைந்தால் ஆளுக்கு 190 கலோரி போல மிச்சம். குறைவது பெரியவர்கள் தட்டிலிருந்து குறையட்டும், வளர்கிற பிள்ளைகள் தட்டிலிருந்து வேண்டாம். சோறு குறைந்த இடத்தில் புளிச்சக்கீரைக் குழம்பு, கசூன் என்னும் வள்ளைக்கீரை, ஒரு முட்டை அல்லது மீன், வேகவைத்த முளைப்பயறு வையுங்கள். இவையெல்லாம் உங்கள் சந்தையில் காலையிலேயே கிடைப்பவை. பயறில் புரதமும் நாரும் இருப்பதால் பசி தாமதமாக வரும்.

அந்த டப்பாவுக்குள் முன்பு இருந்ததையும் பார்க்க வேண்டும். கெட்டிப்பாலில் பாதிக்கு மேல் சர்க்கரை. என் கணவருக்கு நான் டீ போடும் அளவை ஒரு நாள் நிறுத்துப் பார்த்தேன்: ஒரு கோப்பைக்கு 40 கிராம், 130 கலோரி. நீங்கள் மூன்று கோப்பை குடிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள், கடை முடிந்து ஓய்வாக உட்காரும்போது குடிக்கிற அந்த ஒன்றை. மற்ற இரண்டு வேளைக்கும் யேநுவேஜான் போதும். டீக்கடை மேசையில் காசில்லாமல் வைக்கிற அந்த வெறும் தேநீரைப்போல நல்ல பானம் நம் ஊரில் வேறு இல்லை.

மூன்றையும் கூட்டிப் பாருங்கள். 500 தாண்டிவிட்டது.

நடைக்கு வருகிறேன். முழங்கால் வலியோடு மணிக்கணக்காக நடக்க வேண்டாம். குன்றின் மேல் கோயில் படிக்கட்டு வேண்டவே வேண்டாம். சாப்பிட்ட பிறகு 10 நிமிடம், மூன்று வேளையும். வாரத்துக்கு 210 நிமிடம் வந்துவிடும். சமதரையில், செருப்புப் போட்டு. மோல்மேன் மழையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மழை மாதங்களில் வீட்டுக்குள்ளேயே முன்வாசலிலிருந்து கொல்லைவரை நடக்கலாம். நாற்காலியில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவதைப் பத்துத் தடவை, ஒன்றுவிட்டு ஒரு நாள் செய்யுங்கள். வலித்தால் கையை ஊன்றி எழுந்திருங்கள். தொடைத் தசை உறுதியாகும், முழங்காலின் பாரம் குறையும். நடை மட்டும் எடையை அதிகம் இறக்காது. ஆனால் இறங்கிய எடையைப் பிடித்து வைப்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

இதுவரை சொன்னது சாப்பாடும் நடையும். இவை எல்லா வகுப்பிலும் சொல்வார்கள். மூன்றாவது ஒன்று இருக்கிறது, அதைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள்: பழக்கத்தைக் கண்ணால் பார்ப்பது. எல்லாவற்றிலும் இதைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன்.

ஒரு பள்ளிக்கூட நோட்டு வாங்குங்கள். வாயில் போட்டதையெல்லாம், போட்ட அந்த நேரத்திலேயே எழுதுங்கள். ராத்திரி உட்கார்ந்து யோசித்து எழுதினால் பாதி மறந்துபோகும். ரங்கூனில் என்னிடம் வரும் ஒரு பெண், அவரும் சமையல் தொழில்தான், மூன்று வேளையும் அளவாகவே சாப்பிடுகிறேன் என்று சாதித்தார். நம்பினேன், அது உண்மையும்கூட. நோட்டு வந்தபோது பார்த்தால் காலை 6 மணிக்கும் 9 மணிக்கும் நடுவில் "பிய்ந்த தோசை", "உடைந்த இட்லி 2", "சட்னி ருசி பார்த்தது", மறுபடி "பிய்ந்த தோசை". எல்லாம் நின்றபடி தின்றவை. அவர் கணக்கில் அது சாப்பாடே இல்லை. "வீணாகப் போகுமே டாக்டரம்மா" என்றார், கண் கலங்கியது. நான் அவரைத் தின்னாதே என்று சொல்லவில்லை. பிய்ந்ததைப் போட ஒரு மூடிபோட்ட பாத்திரம் வைக்கச் சொன்னேன். 9 மணிக்குக் கடை மூடியதும் உட்கார்ந்து, தட்டில் வைத்து, அதையே காலைச் சாப்பாடாகச் சாப்பிட வேண்டும், அவ்வளவுதான். மீந்தது பக்கத்து வீட்டுக் கோழிக்கு. உங்கள் வேலையும் அதே வேலை என்பதால் இதை எழுதுகிறேன்.

மறுபடி அந்த வகுப்புக்குப் பணம் கட்டலாமா என்பதற்கு வருகிறேன். அவர்களிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: 13ஆம் வாரத்திலிருந்து என்னை யார் பார்ப்பார்கள்? பதில் இருந்தால் போங்கள். இல்லையென்றால் அந்தப் பணத்தில் ஒரு நல்ல தராசு வாங்கி, நீங்களே ஒரு கூட்டம் சேருங்கள். உங்கள் தெருவில் இதே கவலையோடு இரண்டு மூன்று பெண்கள் இல்லாமலா இருப்பார்கள்? வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு வந்து, ஒரே வீட்டில், ஒரே தராசில் எடை பார்த்து, நோட்டை ஒருவருக்கொருவர் காட்டி, அரை மணி நேரம் பேசுங்கள். இந்த வாரம் எங்கே சறுக்கியது, அடுத்த வாரம் அதற்கு என்ன வழி, அதை மட்டும். யாரும் யாரையும் திட்டக்கூடாது. ஆறு மாதத்தில் குறைந்தது 14 சந்திப்பு வேண்டும் என்று 2013இல் வந்த அமெரிக்க மருத்துவ வழிகாட்டுதல் சொல்கிறது. நீங்கள் வாரந்தோறும் கூடினால் அதைத் தாண்டிவிடுவீர்கள். ஆறு மாதத்துக்கு அப்புறம் மாதம் ஒரு முறை, நிறுத்தாமல்.

சில மாதங்களில் எடை ஒரே இடத்தில் நிற்கும். பெரும்பாலும் எல்லோருக்கும் நிற்கும். பயந்து சாப்பாட்டை இன்னும் வெட்டாதீர்கள். ஏறாமல் நிற்பதே அந்த மாதத்து வெற்றி. குறைந்த எடையிலிருந்து 2 கிலோ ஏறினால் அதுதான் எச்சரிக்கை மணி: அன்றிலிருந்து மறுபடி தினமும் நோட்டு, வாரம் ஒரு கூட்டம். தண்ணீர்த் திருவிழா, தீபாவளி, தீமிதி எல்லாம் வரும், வரட்டும். நல்லாச் சாப்பிடுங்கள். ஆனால் திருவிழா இரண்டு நாள் என்றால் சாப்பாடும் இரண்டு நாள்தான், பலகாரத்தை டப்பாவில் அடைத்து இரண்டு வாரம் வைத்துக்கொள்ள வேண்டாம்.

கணவரைப் பற்றி ஒன்று, இதை மறந்துவிடாதீர்கள். கிளிபென்கிளமைடு, கிளிக்லசைடு, கிளிமெபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறாரென்றால், சோற்றைக் குறைக்கும் முன் அவருடைய டாக்டரிடம் சொல்லி அளவை மாற்ற வேண்டும். மாத்திரை அதேபடி இருந்து சோறு மட்டும் குறைந்தால் சர்க்கரை திடீரென்று இறங்கும். வியர்வை, கைநடுக்கம், படபடப்பு, பேச்சுக் குழறல் வந்தால் உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.

உங்களுக்கு எச்.பி.ஏ.1சி. (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை), தைராய்டு, ரத்தக்கொதிப்பு மூன்றையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். 114 என்பது இன்னும் நோய் இல்லை, வாசலில் நிற்கிறது. அம்மாவுக்கு வந்தது உங்களுக்கும் வந்தே தீரும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று கடிதத்திலிருந்து தெரிகிறது. அப்படி எந்தக் கட்டாயமும் இல்லை. மேலே சொன்ன அமெரிக்க, சென்னை ஆய்வுகள் இரண்டிலும் இருந்தவர்கள் இதே வாசலில் நின்றவர்கள்தான்.

வாரம் ஒரு முறை போடும் செமாகுளுடைடு ஊசியைப் பற்றியும் யாராவது சொல்வார்கள். 68 வாரத்தில் சராசரியாக 15 சதவீத எடை குறைகிறது, நல்ல மருந்துதான். நிறுத்தினால் ஒரு வருடத்தில் குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வருகிறது. வருடக்கணக்கில் வாங்கக் கையில் காசும், கூடவே இருந்து பார்க்க டாக்டரும் இருந்தால் யோசிக்கலாம். உங்களுக்கு இப்போது அவசரம் இல்லை.

வருகிற வெள்ளிக்கிழமை தராசில் ஏறி முதல் வரியை எழுதுங்கள். எட்டு வாரம் கழித்து அந்த நோட்டின் பக்கங்களைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள். எடை ஏறிய வாரங்களை மறைக்காதீர்கள், அவற்றைத்தான் நான் முதலில் படிப்பேன்.

அன்புடன்,
உங்கள் டாக்டரம்மா, ரங்கூன்